அவிச்ச முட்டை எத்தனை நாள் தாங்கும், ஓட்டோட வைக்கணுமா உரிச்சு வைக்கணுமா?

தம்பி, உங்க கேள்வியோட கடைசி வரிக்கு மொதல்ல பதில் சொல்லிடறேன், ஏன்னா அதுதான் அவசரம். ஞாயித்துக்கிழமை ராத்திரி 14 முட்டை அவிச்சு, எல்லாத்தையும் ஒரே மூச்சுல உரிச்சு, எவர்சில்வர் டப்பாவுல போட்டு பிஜி ஃப்ரிட்ஜ்ல வச்சிருக்கீங்க, இன்னிக்கு வியாழன், இன்னும் 5 மிச்சம் இருக்கு, தொட்டா லேசா கொழகொழன்னு இருக்கு ஆனா நாத்தம் ஒண்ணும் வரல, கழுவிட்டு சாப்பிடலாமான்னு கேக்கறீங்க. வேணாம், கொட்டிடுங்க. கழுவினா கொழகொழப்பு போயிடும், அதை அங்க உண்டாக்கி வச்ச கிருமியும் அது விட்டுட்டு போனதும் கழுவினா போகாது. 5 முட்டை போனா ஒரு டீ பன் காசு, அதுக்காக ஆபீஸ் பாத்ரூம்ல ரெண்டு நாள் குடியிருக்க வேணாம்.

மத்தபடி நீங்க கேட்டதுக்கு நேரான பதில் இதுதான்: முழுசா வெந்த முட்டை, நல்லா கூலிங் இருக்கற ஃப்ரிட்ஜ்ல, ஓட்டோட, 7 நாள். அமெரிக்க விவசாயத் துறை சொல்ற கணக்கு இது, உரிச்சதுக்கும் அவங்க அதே ஒரு வாரம்தான் சொல்றாங்க. ஆனா அந்த கணக்குக்குள்ள ரெண்டு கண்டிஷன் ஒளிஞ்சிருக்கு, அடுப்பை அணைச்சு 2 மணி நேரத்துக்குள்ள ஃப்ரிட்ஜுக்குள்ள போயிருக்கணும், ஃப்ரிட்ஜ் 4 டிகிரி இல்ல அதுக்கும் கீழ இருக்கணும். பத்து பேர் பத்து தடவை திறக்கற பிஜி ஃப்ரிட்ஜ்ல 4 டிகிரி இருக்குன்னு யார் வந்து சத்தியம் பண்ணாலும் நான் நம்ப மாட்டேன். அதனால நான் எங்க வீட்டுல வச்சிருக்கற கணக்கு வேற, ஓட்டோட 4 நாள், மிஞ்சிப்போனா 5, உரிச்சதுன்னா அன்னிக்கே, தப்பினா மறுநாள் காலையில.

இப்ப ஏன்னு சொல்றேன், ஏன்னா காரணம் தெரிஞ்சா நீங்களே மீதியை முடிவு பண்ணிக்கலாம், ஒவ்வொண்ணுக்கும் யாரையும் கேக்க வேண்டியதில்ல. நான் ஃபுட் டெக்னாலஜி படிச்சிட்டு 14 வருஷமா கேன்டீன் கிச்சன், கேட்டரிங் கிச்சன்னு குவாலிட்டி பாக்கற வேலையில இருக்கேன், முட்டை விஷயத்துல எல்லாரும் தடுக்கி விழற இடம் ஒண்ணே ஒண்ணுதான். பச்சை முட்டை அண்ணாச்சி கடையில வெளியவே அட்டையில அடுக்கி இருக்கு, ஒரு வாரம் ஆனாலும் ஒண்ணும் ஆகறதில்ல, அப்ப வேக வச்சது இன்னும் கெட்டியா தாங்கும்தானேன்னு மனசுல ஒரு கணக்கு. அரிசி, பருப்பு ரெண்டுலயும் வெந்தது பச்சையை விட சீக்கிரம் கெடும்னு நமக்கு தெரியும், முட்டையில மட்டும் ஓடு அப்படியே இருக்கறதால அதை மறந்துடறோம்.

பச்சை முட்டைக்குள்ள என்ன நடக்குதுன்னு பாத்தீங்கன்னா அது ஒரு கோட்டை மாதிரி. ஓட்டுல கண்ணுக்கு தெரியாத ஓட்டைங்க 7,000ல இருந்து 17,000 வரைக்கும் இருக்கு, குஞ்சு மூச்சு விடறதுக்காக. கோழி முட்டையிடும்போதே அந்த ஓட்டைங்க மேல மெல்லிசா ஒரு பூச்சு பூசித்தான் வெளிய விடுது. அதுக்கு உள்ள ரெண்டு சவ்வு. அதையும் தாண்டி ஒரு கிருமி வெள்ளைக்கருவுக்குள்ள வந்துச்சுன்னா அங்க லைசோசைம்னு ஒரு புரோட்டீன் இருக்கு, நம்ம கண்ணீர்ல இருக்கறதும் அதேதான், அது கிருமியோட சுவரையே உடைக்கும். இன்னொரு புரோட்டீன் இருக்கற இரும்புச்சத்தை எல்லாம் பிடிச்சு வச்சுக்கும், இரும்பு இல்லாம கிருமி வளர முடியாது. கிருமிக்கு வேண்டிய சாப்பாடு பெரும்பகுதி மஞ்சக்கருவுலதான் இருக்கு, அதை ரெண்டு பக்கமும் முறுக்கின கயிறு மாதிரி ஒண்ணு பிடிச்சு நடுவுல நிறுத்தி வச்சிருக்கு, ஓட்டுப் பக்கம் போய் ஒட்டிக்காம.

இப்ப அதை கொதிக்கற தண்ணியில 12 நிமிஷம் போடறீங்க. மேல்பூச்சு போச்சு, ஓட்டைங்க எல்லாம் திறந்து கிடக்கு. உள்ள காவல் காத்த புரோட்டீனுங்க சூட்டுல உருக்குலைஞ்சு போச்சு, அதாவது வெள்ளைக்கரு வெள்ளையா கெட்டியாகறதே அந்த புரோட்டீனுங்க உருமாறறதுதான். உள்ள ஏற்கனவே சால்மோனெல்லாங்கற கிருமி இருந்திருந்தா அதுவும் செத்துப்போச்சு, அது நல்ல விஷயம், அதுக்குத்தானே வேக வைக்கறோம். ஆனா இனிமே புதுசா எது உள்ள நுழைஞ்சாலும் அதை தடுக்க ஆளே இல்ல. ஈரப்பதம் இருக்கு, புரோட்டீன் இருக்கு, காவல் இல்ல. அடுப்பை அணைச்ச நிமிஷத்துல இருந்து முட்டைக்கு கடிகாரம் ஓட ஆரம்பிக்குது, நீங்க ஃப்ரிட்ஜுக்குள்ள வச்சா அது மெதுவா ஓடும், அவ்வளவுதான், நிக்காது.

4 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவுல இருக்கற சூட்டுலதான் கிருமிங்க பெருகும். நல்ல சூழ்நிலை கிடைச்சா 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை ரெட்டிப்பாகும். கணக்கு போட்டு பாருங்க, உரிக்கும்போது கையில இருந்து ஒரு 100 கிருமி ஒட்டுச்சுன்னு வைங்க, 4 மணி நேரத்துல 12 தடவை ரெட்டிச்சா 4 லட்சத்தை தாண்டிடும். 2 மணி நேரக் கணக்கு அங்க இருந்துதான் வருது. அதுலயும் வெளி வெப்பம் 32 டிகிரிக்கு மேல இருந்தா 2 இல்ல, 1 மணி நேரம்தான். சென்னையில மார்ச்ல ஆரம்பிச்சு அக்டோபர் வரைக்கும் மதியத்துல 32க்கு மேலதான், சமையக்கட்டு இன்னும் மேல. அதனால நமக்கு வருஷத்துல முக்காவாசி நாள் 1 மணி நேரம்தான் சட்டம்.

இதை நான் புத்தகத்துல படிச்சப்ப பெருசா எடுத்துக்கல. வேலைக்கு சேந்த மொத வருஷம், ஒரு கேட்டரிங்ல இருந்தேன், பேர் வேணாம். ஒரு வளைகாப்பு ஆர்டர், மதியம் பிரியாணி, ஆளுக்கு ஒரு முட்டை, மொத்தம் 300. காலையில 4 மணிக்கு அவிச்சாச்சு, அஞ்சு பேர் உக்காந்து கதை பேசிக்கிட்டே 6 மணிக்குள்ள உரிச்சு முடிச்சாச்சு, ரெண்டு பெரிய அண்டாவுல சூடா இருக்கும்போதே குவிச்சு, ஈ மொய்க்கக் கூடாதேன்னு தட்டு போட்டு மூடியாச்சு. 12:30க்கு நான் அண்டாவுக்குள்ள கையை விட்டேன், மேல இருக்கற முட்டை ஆறியிருக்கு, நடுவுல இன்னும் வெதுவெதுன்னு இருக்கு, ஆறரை மணி நேரம் கழிச்சும். முட்டை எல்லாம் லேசா வேர்த்து, ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு. வாசனை ஒண்ணும் இல்ல, அதனால மாஸ்டர் போட்டுடலாம்னு சொன்னாரு, எனக்கும் எதிர்த்து பேச அப்ப வாய் இல்ல. சாயங்காலம் 5 மணிக்குள்ள இருபது பேருக்கு மேல வாந்தி. உரிச்சவங்கள்ல ஒரு அக்காவுக்கு கட்டை விரல்ல வெங்காயம் நறுக்கும்போது பட்ட வெட்டு, மேல துணி சுத்தி இருந்துச்சு, அதை காலையிலயே பாத்திருக்கேன், பாத்தும் விட்டுட்டேன்.

யாரும் லேப்ல குடுத்து டெஸ்ட் பண்ணல, அதனால இதான் காரணம்னு அடிச்சு சொல்ல மாட்டேன், ஆனா ஸ்டாஃபைலோகாக்கஸ்னு ஒரு கிருமி இருக்கு, நம்ம தோல்லயும் மூக்குலயும் சாதாரணமா இருக்கறது, வெட்டுக்காயத்துல ஜாஸ்தியா இருக்கும், அது பெருகினா ஒரு விஷம் உண்டாக்கும், சாப்பிட்டு அரை மணி நேரத்துல இருந்து 8 மணி நேரத்துக்குள்ள வாந்தி வரும், அந்த நேரக்கணக்கு அன்னிக்கு அச்சு மாதிரி பொருந்திச்சு. அதுல மோசமான விஷயம் என்னன்னா அந்த விஷம் கொதிக்க வச்சாலும் அழியாது. கிருமி சாகும், விஷம் இருக்கும். சூடு பண்ணிட்டா சரியாயிடும்னு சொல்ற ஆளுங்களுக்காகவே இதை எழுதறேன். உங்க 5 முட்டையையும் கொழம்புல போட்டு கொதிக்க விட்டுடலாமான்னு அடுத்து கேப்பீங்கன்னு தெரியும், அதுக்கும் இதுதான் பதில்.

சரி, எப்படி பண்ணணும். அவிக்கறதுல பெருசா வித்தை ஒண்ணும் இல்ல, மஞ்சக்கரு நடுவுல ஈரம் இல்லாம முழுசா வெந்திருக்கணும், நம்ம ஊர் நாமக்கல் முட்டை சைஸுக்கு தண்ணி கொதி வந்த பிறகு 10ல இருந்து 12 நிமிஷம் போதும். இட்லிப் பானையில ஆவியில வேக வச்சாலும் அதே நேரம்தான். நடு ஈரமா இருக்கற மாதிரி எடுத்தா அதை அப்பவே சாப்பிட்டுடணும், எடுத்து வைக்கற பேச்சே கிடையாது. (நான் இங்க ஆஃப்பாயிலை சொல்லல, நம்ம ஊர்ல ஆஃப்பாயில்னா தோசைக்கல்லுல ஊத்தறது, அதை எடுத்து வைக்கணும்னு எவனும் நினைக்க மாட்டான்.) அவிக்கும்போதே விரிசல் விட்டு வெள்ளைக்கரு வெளிய பிதுங்கிட்டு வந்த முட்டையை தனியா எடுத்து வச்சு மொதல்ல அதை சாப்பிடுங்க, சேமிப்புல சேக்காதீங்க.

ஆற வைக்கறதுலதான் எல்லாம் இருக்கு. நிறைய பேர் வெந்த முட்டையை குழாய்க்கு கீழ காட்டிட்டு ஆயாச்சுன்னு நினைக்கறாங்க. மே மாசம் மதியம் மொட்டை மாடி சின்டெக்ஸ் டேங்க்ல இருந்து வர்ற தண்ணி எப்படி இருக்கும்னு உங்களுக்கு தெரியாததா, கையை வச்சா எடுத்துடுவோம், அதுல எங்க முட்டை ஆறும். ஓடு ஆறின மாதிரி இருக்கும், மஞ்சக்கரு உள்ள சூட்டை பிடிச்சு வச்சுக்கிட்டே இருக்கும். ஒரு கிண்ணத்துல ஃப்ரிட்ஜ் தண்ணி ஊத்தி ஒரு ட்ரே ஐஸ் கட்டி போட்டு அதுல முட்டையை 10-15 நிமிஷம் முழுசா முங்க விடுங்க. ஐஸ் இல்லைன்னா பானைத் தண்ணி, சூடாயிட்டா மாத்தி மாத்தி ரெண்டு மூணு தடவை ஊத்துங்க. இன்னொரு விஷயம், அது குடிக்கற தண்ணியா இருக்கணும். சூடான முட்டையை குளிர்ந்த தண்ணியில போட்டா உள்ள இருக்கறது சுருங்கும், சுருங்கும்போது அந்த ஓட்டைங்க வழியா வெளிய இருக்கற தண்ணியை உள்ள இழுக்கும். டேங்க் தண்ணியில அழுக்கு இருந்தா நீங்களே அதை முட்டைக்குள்ள ஊசி போட்ட மாதிரி ஆயிடும். அமெரிக்காவுல பச்சை முட்டையை கழுவற பண்ணைங்களுக்கு தண்ணி முட்டையை விட குறைஞ்சது 11 டிகிரி சூடா இருக்கணும்னு விதியே போட்டு வச்சிருக்காங்க, இதே காரணத்துக்காக.

ஆறினதும் சுத்தமான துணியில ஈரம் போக துடைச்சுட்டு, ஓட்டு மேல பென்சில்ல தேதி எழுதுங்க. இதை சொன்னா சிரிக்கறாங்க. எங்க வீட்டுல எங்க மாமியார் மொதல்ல ரொம்ப சிரிச்சாங்க, இப்ப அவங்களே எழுதறாங்க, தேதிக்கு பதிலா "செ", "பு"ன்னு கிழமையோட மொத எழுத்து. பால்பாயின்ட், ஸ்கெட்ச் எல்லாம் வேணாம், அந்த மை ஓட்டைங்க வழியா உள்ள வெள்ளையில இறங்கும்.

அப்புறம் மூடி போட்ட டப்பா. பச்சை முட்டை இருந்த அட்டையில மட்டும் திரும்ப அடுக்காதீங்க, நம்ம ஊர்ல முட்டையை கழுவாமத்தான் விக்கறாங்க, பச்சை முட்டைக்கு அது நல்லதும் கூட, அந்த மேல்பூச்சு போகாம இருக்கும், ஆனா அட்டையில கோழி எச்சம், இறகு எல்லாம் ஒட்டி இருக்கும், நீங்க அவிச்சு சுத்தம் பண்ணதை அதுலயே கொண்டுபோய் வச்சா பண்ண வேலை வீண். டப்பாவை மூடறதுக்கு இன்னொரு காரணம், அவிச்ச முட்டையில இருந்து மெல்லிசா ஒரு கந்தக வாடை வரும், பக்கத்துல பாலோ தயிரோ திறந்து இருந்தா பிஜியில உங்களை தேடி வருவாங்க.

ஃப்ரிட்ஜ் கதவுல முட்டைக்குன்னே குழி குழியா ஒரு தட்டு குடுத்திருப்பான் பாருங்க, யாரு கண்டுபிடிச்சாங்களோ, ஃப்ரிட்ஜ்லயே சூடு ஏறி இறங்கற இடம் அதுதான், ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் வெளிக்காத்து நேரா அதுலதான் அடிக்கும். அங்க வைக்காம உள்ள நடுத்தட்டுல பின்பக்கமா தள்ளி வைங்க. உங்களால முடிஞ்சா ஒரு சின்ன ஃப்ரிட்ஜ் தெர்மாமீட்டர் ஆன்லைன்ல வாங்குங்க, விலை பெருசா இருக்காது. அதை ஒரு டம்ளர் தண்ணியில போட்டு நடுத்தட்டுல ராத்திரி முழுக்க வச்சு காலையில மொத வேலையா பாருங்க, 4க்குள்ள இருந்தா நல்லது. நான் சொந்தக்காரங்க வீட்டுல எல்லாம் இதை பண்ணி கெட்ட பேர் வாங்கியிருக்கேன், 8 டிகிரி, 9 டிகிரி எல்லாம் சர்வ சாதாரணம், நாபை ஒண்ணாம் நம்பர்ல வச்சுட்டு கரன்ட் பில் மிச்சம்னு சொல்லுவாங்க. கரன்ட் போனா கதவை திறக்காம இருந்தா 4 மணி நேரம் வரைக்கும் உள்ள குளிர்ச்சி நிக்கும். அதுக்கு மேல போச்சுன்னா அவிச்ச முட்டை, கறி, சாதம் இதெல்லாம் யோசிக்காம வெளிய போடற லிஸ்ட்.

ஃப்ரீசர்ல வச்சா ஒரு மாசம் வருமேன்னு யாராவது சொல்லுவாங்க. கெடாது, உண்மைதான், ஆனா வெள்ளைக்கரு ரப்பராயிடும், வெளிய எடுத்தா தண்ணி விட்டு பஞ்சு மாதிரி கிடக்கும். மஞ்சக்கருவை மட்டும் வேணா ஃப்ரீசர்ல வைக்கலாம். ஜிம்முக்கு போற நீங்க அதைத்தான் தூக்கிப் போடறீங்கன்னு எனக்கு தெரியும்.

உரிச்சு வைக்கறதை பத்தி கொஞ்சம் நிதானமா சொல்லணும், ஏன்னா அமெரிக்கக்காரங்களே ஒரு வாரம்னு சொல்றாங்களே நீ என்ன புதுசா பயமுறுத்தறேன்னு கேக்கலாம். அவங்க கணக்கு சுத்தமான கை, 4 டிகிரி, உடனே குளிர வச்சது, இது மூணும் சரியா இருந்தா. உரிக்கும்போது அஞ்சு விரலும் முட்டை முழுக்க படுது, அதுக்கு மேல அது ஈரமா இருக்கு, ஓட்டோட இருக்கறதுக்கும் இதுக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான். ஃப்ரிட்ஜ்ல வச்சாலும் நிக்காத ஒரு கிருமி இருக்கு, லிஸ்டீரியா, அது குளிர்லயே மெதுவா வளரும். 2019 டிசம்பர்ல அமெரிக்காவுல, உரிச்சு வாளியில அடைச்சு மொத்தமா விக்கற அவிச்ச முட்டையில இருந்து லிஸ்டீரியா பரவிச்சு, அரசாங்கமே எச்சரிக்கை விட்டுச்சு, ஒருத்தர் இறந்தும் போனாரு. ஃபேக்டரியில கிளவுஸ் போட்டு உரிக்கற இடத்துலயே அந்த கதின்னா பிஜி சமையக்கட்டை நினைச்சு பாருங்க. கர்ப்பமா இருக்கறவங்களுக்கு லிஸ்டீரியா ரொம்ப ஆபத்து, அவங்களுக்கு உரிச்சு வச்ச பழைய முட்டையை குடுக்கவே கூடாது.

கட்டாயம் உரிச்சுத்தான் வைக்கணும்னா கையை சோப்பு போட்டு கழுவிட்டு உரிங்க, விரல்ல காயம் இருந்தா வேற யாரையாவது உரிக்க சொல்லுங்க, ஒரு சுத்தமான டிஷ்யூவை லேசா ஈரமாக்கி மேல மூடி டப்பாவை இறுக்கி வைங்க, இல்லைன்னா மேல தோல் காஞ்சு செருப்பு மாதிரி ஆயிடும். தண்ணியில போட்டு வைக்கற ஆளுங்களும் இருக்காங்க, அந்த தண்ணியை தினம் மாத்தணும், மாத்த மறந்துடுவீங்க, அதனால எனக்கு அது பிடிக்காது. காலையில உரிக்க நேரம் இல்லன்னு சொன்னீங்க இல்ல, ஒரு யோசனை. புதுசா வந்த முட்டையில வெள்ளைக்கருவோட காரத்தன்மை கம்மி, அதனால சவ்வோட ஒட்டிக்கும், உரிச்சா பாதி ஓட்டோட போயிடும். ஒரு வாரம் ஃப்ரிட்ஜ்ல இருந்த பச்சை முட்டைன்னா உள்ள இருந்த கார்பன் டை ஆக்சைடு வெளிய போயி காரத்தன்மை ஏறியிருக்கும், வழுக்கிக்கிட்டு வரும். அவிக்கறதுக்கு பழைய முட்டை, ஆம்லெட்டுக்கு புது முட்டைன்னு வச்சுக்கிட்டா 20 செகண்ட்ல ஒரு முட்டை உரியும், முந்தின நாளே உரிச்சு வைக்கற வேலையே இல்ல.

உங்க அக்கா பொண்ணுக்கு ஸ்கூல் டிபன்ல குடுத்து விடறது பத்தி கேட்டீங்க. காலையில 7:30க்கு கட்டினா சாப்பிடறது 12:30, அஞ்சு மணி நேரம், மேல சொன்ன 1 மணி, 2 மணி நேரக் கணக்குப்படி பாத்தா அது தப்புதான், அதுல சுத்தி வளைக்க ஒண்ணும் இல்ல. தமிழ்நாட்டுல பாதி வீட்டுல இதைத்தான் பண்றாங்க, தினம் யாருக்கும் ஒண்ணும் ஆகறதில்லன்னும் எனக்கு தெரியும், ஆனா ஆகற அன்னிக்கு குழந்தைக்கு ஆகும். அக்கா இப்ப பண்றது, அதாவது காலையில சுடச்சுட அவிச்சு, ரெண்டா வெட்டி, மிளகாத்தூள் உப்பு தடவி, சூட்டோட டப்பாவுல அடைக்கறது, அதுதான் இருக்கறதுலயே மோசமான வழி, நான் சொன்ன அண்டா கதையோட சின்ன சைஸ். அதுக்கு பதிலா முந்தின நாள் அவிச்சு ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜ்ல இருந்த முட்டையை ஓட்டோட, சில்லுன்னு இருக்கும்போதே, வெளிச்சூடு உள்ள இறங்காத லன்ச் பேக்ல ஒரு ஐஸ் பேக் பக்கத்துல வச்சு அனுப்ப சொல்லுங்க, மிளகு உப்பு ஒரு சின்ன பொட்டலத்துல தனியா. குழந்தை தானே உரிச்சு சாப்பிட்டுக்கும், கையை கழுவ மட்டும் சொல்லிக் குடுங்க. சாப்பிடாம திரும்பி வந்தா அதை யாரும் சாப்பிடாம தூக்கிப் போடணும், "ஐயோ முழு முட்டை"ன்னு அக்கா வாயில போட்டுக்கறது கூடாது.

உங்க ஆபீஸ் கேஸும் அதேதான், ஆனா உங்களுக்கு ஆபீஸ்ல ஃப்ரிட்ஜ் இருக்கு, போனதும் வச்சுடுங்க, வழியில 40 நிமிஷம் எலக்ட்ரிக் ட்ரெயின்ல போறது பரவாயில்ல. பஸ் ஸ்டாண்ட், டாஸ்மாக் வாசல் தள்ளுவண்டியில தட்டுல உரிச்சு அடுக்கி மிளகுத்தூள் தூவி வச்சிருப்பாங்களே, அது வேணாம்னா கேக்கவா போறீங்க, ஓட்டோட இருக்கறதை குடுங்கண்ணேன்னு கேட்டு வாங்கி நீங்களே உரிச்சு சாப்பிடுங்க, நான் அப்படித்தான்.

முட்டைக் கொழம்பு வேற கணக்கு. அவிச்ச முட்டையை கீறி கொழம்புல போட்டு கொதிக்க விட்டு, ஆறினதும் ஃப்ரிட்ஜ்ல வச்சா 3 நாள், 4 நாளுக்கு மேல வேணாம். ராத்திரி வச்ச கொழம்பை காலையில சுட வச்சுக்கலாம்னு அடுப்பு மேலயே விடற பழக்கம் இருந்தா மாத்துங்க, சட்டியோட ஃப்ரிட்ஜ்ல வைக்க இடம் இல்லைன்னா அகலமான ரெண்டு டப்பாவுல பிரிச்சு வைங்க, சீக்கிரம் ஆறும். எடுக்கும்போது மொத்தத்தையும் சுட வைக்காம வேணுங்கறதை மட்டும் எடுத்து தளதளன்னு கொதிக்க விடுங்க.

மைக்ரோவேவ்ல முழு முட்டையை மட்டும் போடாதீங்க, ஓட்டோடயும் வேணாம் உரிச்சும் வேணாம். மஞ்சக்கருவுக்குள்ள பொடிப் பொடியா தண்ணி மாட்டிக்கிட்டு 100 டிகிரிக்கு மேலயும் கொதிக்காம அழுத்தத்தோட உக்காந்திருக்கும், நீங்க எடுத்து கடிக்கும்போது ஒரே நேரத்துல கொதிச்சு வெடிக்கும். ஒரு ஹோட்டல்ல இப்படி முட்டை வெடிச்சு காது போச்சுன்னு அமெரிக்காவுல ஒருத்தர் கேஸ் போட, அதுக்காக ஒலியியல் ஆளுங்க நூறு முட்டை கிட்ட சுட வச்சு பாத்தாங்க, 2017ல அந்த ரிசல்ட் வந்துச்சு, அடுப்புக்குள்ள வெடிக்காம தப்பி வந்ததுல சுமார் 30 சதவீதம் வெளிய எடுத்து குத்தினப்ப வெடிச்சுது, சத்தம் 133 டெசிபல் வரைக்கும். காதை விட வாய்க்குள்ள வெடிச்சா என்ன ஆகும்னு யோசிங்க. வெட்டி ரெண்டாக்கி சுட வைங்க, இல்ல சுடுதண்ணியில அஞ்சு நிமிஷம் போட்டு எடுங்க.

யூடியூப்ல முட்டை ஊறுகாய்னு ஒண்ணு சுத்துது, எண்ணெயில ஊற வச்சு ஆறு மாசம் வெளிய வைக்கலாம்னு. அதை தொடவே தொடாதீங்க. 1997ல அமெரிக்காவுல இல்லினாய்ஸ்ல ஒருத்தர் வீட்டுலயே அவிச்ச முட்டையை குச்சியால குத்தி, வினிகர்ல போட்டு, வெளியவே வச்சு சாப்பிட்டு பொட்டுலிசம் வந்து படுத்தாரு, பொட்டுலிசம்னா கை கால் மூச்சு எல்லாம் செயலிழக்கற வியாதி. வினிகர் மஞ்சக்கரு வரைக்கும் போய் சேர்றதுக்கு முன்னாடியே குத்தின ஓட்டை வழியா கிருமி போயிடுச்சு, காத்து இல்லாத இடம்தான் அந்த கிருமிக்கு சொர்க்கம். எண்ணெய் ஊத்தினா காத்து இன்னும் சுத்தமா அடைபடும். வினிகர் முட்டை பிடிச்சா போடுங்க, குத்தாம போடுங்க, போட்ட நாள்ல இருந்தே ஃப்ரிட்ஜ்ல வைங்க.

மஞ்சக்கருவை சுத்தி பச்சை வளையம் பத்தி கேட்டீங்க, அது விஷம் இல்ல, கெட்டுப்போனதும் இல்ல. ரொம்ப நேரம் கொதிச்சா வெள்ளைக்கருவுல இருந்து வர்ற கந்தகமும் மஞ்சக்கருவுல இருக்கற இரும்பும் சேந்து உண்டாகற இரும்பு சல்ஃபைடு. ஐஸ் தண்ணியில சட்டுனு ஆற வச்சா அதுவும் வராது. உரிச்சதும் ஒரு நொடி வர்ற கந்தக வாடையும் சாதாரணம்தான், கெட்ட முட்டையோட நாத்தம் அப்படி இருக்காது, டப்பாவை திறந்தாலே ரூம் முழுக்க அடிக்கும். ஆனா மூக்கை நம்பி மட்டும் முடிவு எடுக்காதீங்க, வளைகாப்பு அன்னிக்கு மாஸ்டர் மூக்கும் ஓகேன்னுதான் சொல்லிச்சு.

உங்களுக்கு என்னோட ஏற்பாடு: ஞாயித்துக்கிழமை 14 அவிக்கறதுக்கு பதிலா ஞாயித்துக்கிழமை 8, வியாழக்கிழமை 6, எல்லாம் ஓட்டோட. ஒரு நாளைக்கு ரெண்டுன்னா அப்படியே கணக்கு முடியும், எதுவும் நாலு நாளை தாண்டாது. ரூம்மேட் பச்சை முட்டையும் அதே ஃப்ரிட்ஜ்ல இருக்கு, எது எதுன்னு குழம்புதுன்னு சொன்னீங்க, பென்சில் கோடு இல்லைன்னா டைனிங் டேபிள்ல படுக்க வச்சு பம்பரம் மாதிரி சுத்தி விடுங்க, அவிச்சது சரசரன்னு சுத்தும், பச்சை முட்டை உள்ள தளும்பறதால தள்ளாடி நின்னுடும். டேபிள் ஓரமா வச்சு சுத்தாதீங்க, எங்க வீட்டு மொசைக் தரையை கழுவின அனுபவத்துல சொல்றேன்.